கொலைகார பாட்டிலும் ஆச்சியோட சங்கும்

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகமான்னு கேக்காதீங்க, ஆணி எப்பவும் இருக்குறதுதான். இந்தத் தடவை காரணம் வேற. எங்க வீட்டு இளவரசி, வயசு அஞ்சரை மாசம், பால் பாட்டிலுக்கு எதிரா காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தாங்க.

விஷயம் இதுதான். தங்கமணிக்கு பேறுகால விடுப்பு 26 வாரம். அதுல 3 வாரம் பிரசவத்துக்கு முன்னாடியே கரைஞ்சு போச்சு. மிச்சமும் முடிஞ்சு வேலைக்குத் திரும்பணும். பிறந்ததுலேர்ந்து தாய்ப்பால் மட்டும்தான். "பாலை எடுத்து வச்சுட்டுப் போறேன், பாட்டில்ல குடுத்துடுங்க" - கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க. பாப்பா பாட்டிலைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கிட்டா. வாய்க்குள்ள வச்சா நாக்கால தள்ளி விட்டா. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணா வீடு ரெண்டாகிற மாதிரி அலறல். அகல நிப்பிள், ஒல்லி நிப்பிள், சிலிக்கான், ரப்பர்னு அஞ்சு வகை வாங்கி சமையல் மேடையில வரிசையா அடுக்கியாச்சு. ஒண்ணும் நடக்கலை.

பாப்பா அழுதா பரவாயில்லைங்க, அது சத்தமா அழும். தங்கமணி சத்தமில்லாம அழுதாங்க. ஒருநாள் அவங்க லேப்டாப்ல வேற ஏதோ தேடப்போய், டிராஃப்ட்ல ராஜினாமா மெயில் ஒண்ணு கிடந்ததைப் பார்த்தேன். தேதி மட்டும் போடலை. பக்கத்து வீட்டு மாமி வேற, "எங்க காலத்துல பாட்டிலாவது ஒண்ணாவது? இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாம் அவசரம்"னு ஒரு கொள்ளியைப் போட்டுட்டுப் போனாங்க.

அந்த "இந்தக் காலத்து" என்ற வார்த்தை எனக்குள்ள முள்ளா குத்திக்கிட்டே இருந்தது. பாட்டில் நிஜமாவே இந்தக் காலத்து சமாச்சாரமா? நடுராத்திரி ரெண்டு மணிக்குப் பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்குற ஆளுக்கு வேற என்ன வேலை? ஒரு கையில போனை வச்சுக்கிட்டு தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட வந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

*

முதல்ல ஜெர்மனி, பவேரியா. அங்கே வெண்கலக் காலம், இரும்புக் காலத்துக் குழந்தைக் கல்லறைகள் சிலவற்றில் சின்னச் சின்ன மண் பாத்திரங்கள் கிடைச்சிருக்கு. உள்ளங்கையில அடங்குற அளவு. பக்கத்துல ஒரு குட்டி மூக்கு. ஐரோப்பாவில் இந்த மாதிரிப் பாத்திரங்கள் கி.மு. 5000-க்கும் முந்தைய புதிய கற்காலத்துலேர்ந்தே கிடைக்குது. சிலதுக்கு நாலு கால், தலை எல்லாம் வச்சு மிருகப் பொம்மை மாதிரியே செஞ்சிருக்காங்க. நோயாளிக்குக் கஞ்சி ஊத்துறதா, குழந்தைக்குப் பால் கொடுக்குறதான்னு ரொம்ப நாளா ஆராய்ச்சியாளர்களுக்கு சந்தேகம்.

2019-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி டன் குழுவினர் இதுக்கு ஒரு விடை கண்டுபிடிச்சாங்க. கி.மு. 1200-லேர்ந்து கி.மு. 450 வரையிலான காலத்தைச் சேர்ந்த மூணு பாத்திரங்கள், எல்லாம் குழந்தைகளோட கல்லறையில கிடைச்சவை. சட்டியோட சுவர்ல ஊறிப்போயிருந்த கொழுப்பைச் சுரண்டி எடுத்து வேதியியல் சோதனை பண்ணிப் பார்த்தா, மாடு, ஆடு மாதிரி அசைபோடுற விலங்குகளோட பால். அதாவது சுமார் 3000 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோ ஒரு குழந்தையை மடியில போட்டு இந்தச் சட்டியோட மூக்கை அதோட வாயில வச்சிருக்காங்க. அது குடிச்சுதா, நம்ம ஆளு மாதிரி துப்புச்சா, தெரியாது. ஆனா அது செத்தப்போ அந்தச் சட்டியையும் கூடவே வச்சுப் புதைச்சிருக்காங்க. மிருகப் பொம்மை மாதிரி செஞ்ச இன்னொரு சட்டியோட படத்தைப் பாருங்க. குழந்தை சிரிக்கணும்னு யாரோ மெனக்கெட்டு செஞ்சதுன்னுதான் எனக்குத் தோணுது.

இந்தக் காலத்துப் பொண்ணுங்களாம்! :-)

*

பாத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும், தாய்க்குப் பால் இல்லைன்னாலோ தாயே இல்லைன்னாலோ உலகம் பூரா முதல் தேர்வு இன்னொரு பெண்தான். ஐரோப்பாவில் சம்பளத்துக்குப் பால் கொடுக்கும் செவிலிகள் பெரிய தொழிலாவே இருந்தாங்க. நம்ம ஊர்ல சங்க இலக்கியம் முழுக்க செவிலித்தாய் வர்றா, தெரியும்தானே.

அதே நேரத்துல நம்மகிட்ட இன்னொரு கதையும் இருக்கு. சீர்காழிக் குளக்கரையில அழுத சம்பந்தருக்கு உமையம்மை பால் கொடுத்த கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்துல அதை எப்படிச் சொல்றார்? பொற்கிண்ணத்துல பாலைக் கறந்து ஊட்டுறா அம்மை. சீர்காழியில இன்னைக்கும் சித்திரையில திருமுலைப்பால் உற்சவம் நடக்குது. சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதைதான், ஆனா இந்த ரெண்டு வாரத்துல அதை வேற மாதிரி கேட்டேன். எடுத்து வச்ச தாய்ப்பால், கிண்ணத்துல. பாட்டில் இல்லை, நிப்பிள் இல்லை. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கங்க, கடைசியில இங்கதான் திரும்பி வரப்போறோம்.

ஐரோப்பாவில் செவிலிக்குக் காசு இல்லாத வீட்டுல என்ன பண்ணாங்க? மாட்டுக் கொம்பைக் குடைஞ்சு, நுனியில ஓட்டை போட்டு, மெல்லிய தோலைக் கட்டி அதுல பால் ஊத்திக் கொடுத்தாங்க. ரொட்டியைத் தண்ணியிலயோ பால்லயோ கரைச்சு, படகு மாதிரி ஒரு கிண்ணத்துல வச்சு ஊட்டினாங்க. லண்டன்ல ஹியூ ஸ்மித்னு ஒரு டாக்டர் 1770 வாக்கில் டீ கெட்டில் மாதிரி ஒரு பாத்திரம் வடிவமைச்சார். மூக்கு நுனியில சின்னச் சின்ன ஓட்டைகள், அதுக்கு மேல ஒரு துணி. குழந்தை துணியைச் சப்பினா பால் வரும். நல்ல யோசனைதான். ஆனா அந்தத் துணியை, அந்த மூக்கோட உள்பக்கத்தை யார் எப்படிக் கழுவுறது? இந்தக் கேள்வியையும் மனசுல வச்சுக்கங்க. இந்தப் பதிவே இந்தக் கேள்வியைச் சுத்தித்தான்.

*

இப்போ பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். கதை இங்கதான் சூடு பிடிக்குது.

1841-ல் அமெரிக்காவில் சார்லஸ் விண்ட்ஷிப் என்பவர் கண்ணாடிப் பால் பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1844-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே, 1845-ல், நியூயார்க்கின் எலைஜா பிராட் ரப்பர் நிப்பிளுக்கு. ஆரம்பகால ரப்பர் நிப்பிள் நாத்தம் தாங்காதாம், ருசியும் மோசமாம். குழந்தைகள் துப்புறது புதுசு இல்லை மக்களே.

கண்ணாடி, ரப்பர் ரெண்டும் சேர்ந்ததும் இங்கிலாந்தில் ஒரு புது டிசைன் பிரபலமாச்சு. தட்டையான கண்ணாடிக் குப்பி. மூடி வழியா உள்ள இறங்குற ஒரு குழாய். அதோட வெளிமுனையில நீளமான ரப்பர் டியூப். டியூபோட கடைசியில நிப்பிள். குப்பியைக் குழந்தை பக்கத்துல வச்சுட்டு, நிப்பிளை வாயில கொடுத்துட்டா போதும். தூக்கிப் பிடிக்க வேண்டாம். தொட்டில்ல கிடந்தபடியே அதுவே உறிஞ்சிக்கும். இளவரசி பேர்லயும் அம்மா, செல்லம்னு கொஞ்சுற பேர்லயும் கடைகளில் அமோகமா வித்துச்சு.

நம்ம பாஷையில சொன்னா, இதுல ஃபீச்சர்தான் பக். அந்த நீளமான டியூபைக் கழுவவே முடியாது. உள்ளே பால் படலம் ஒட்டும், வெதுவெதுப்புல கிருமி பெருகும். பாக்டீரியா வளர்க்குறதுக்குன்னே யாராவது கருவி செஞ்சா கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பாஸ்டரோட கிருமிக் கொள்கையே 1860-களில்தான் நிலைபெற ஆரம்பிக்குது. அதனால ஆரம்பத்துல யாருக்கும் முழுசா விளங்கலை. அந்த நூற்றாண்டில் இங்கிலாந்து, வேல்ஸ்ல பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 150 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கலை. வெயில் காலத்துல வயித்துப்போக்கு வந்து கொத்துக் கொத்தா போயிருக்கு. இந்த பாட்டிலுக்கு ஜனங்களே வச்ச பேரு, கொலைகார பாட்டில்.

சரி, அந்தக் காலத்து அம்மாக்களுக்கு யார் அறிவுரை சொன்னது? 1861-ல் வெளிவந்த இசபெல்லா பீட்டனோட வீட்டு நிர்வாகப் புத்தகம் அன்னைக்கு வீட்டுக்கு வீடு பைபிள் மாதிரி. அதுல பாட்டிலைத் தினமும் நல்லா கழுவச் சொல்றாங்க. ஆனா நிப்பிளை ஒருதடவை மாட்டிட்டா, புதுசு மாத்துற வரைக்கும் கழட்ட வேண்டாம், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை மாத்தினா போதும்ங்கிற ரீதியில ஒரு குறிப்பு. படிச்சதும் எனக்குத் தலை சுத்துச்சு. "என்னம்மா இது!"ன்னு திட்டக்கூட வாய் வந்துச்சு.

அப்புறம் அவங்க வாழ்க்கையைப் படிச்சேன். புத்தகம் வந்தப்போ அவங்களுக்கு வயசு 25. பெரிய மாமியார்னு நெனைச்சேன், சின்னப் பொண்ணு! முதல் குழந்தை சில மாசத்துலயே போயிடுச்சு. ரெண்டாவது மூணு வயசுல. நாலாவது பிரசவத்துக்கு அப்புறம் வந்த காய்ச்சலில் 1865-ல் அவங்களே போயிட்டாங்க, 28 வயசுல. கிட்டத்தட்ட நம்ம வயசு. தெரிஞ்சா செஞ்சிருப்பாங்க? அவங்க காலத்துல யாருக்குமே தெரியாததுதான் அவங்களுக்கும் தெரியலை. அதுக்கப்புறம் திட்ட மனசு வரலை.

*

இந்த பாட்டில் ஏன் அப்படி வித்துச்சு? பதில் லங்காஷயர் பஞ்சாலைகளில் இருக்கு. அம்மா ஆலைக்குப் போகணும், போகலைன்னா அடுப்பு எரியாது. விடுப்பு, சம்பளத்தோட ஓய்வு எல்லாம் கிடையாது. குழந்தையை ஒரு கிழவிகிட்டயோ, ஆறேழு வயசு அக்காகிட்டயோ விட்டுட்டுப் போவாங்க. அந்த அக்காவால ஒரு குழந்தையைத் தூக்கி வச்சுப் பால் கொடுக்க முடியுமா? டியூப் பாட்டில் இருந்தா முடியும். அழுதா வாயை அடைக்க அபின் கலந்த மருந்து வேற கடையில கிடைச்சது.

இங்க ஒரு சோதனை நடந்துச்சு. யாரும் திட்டமிடலை, தானா நடந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி 1865 வரைக்கும் நீடிச்சது. அங்கேர்ந்து பருத்தி வர்றது நின்னுபோச்சு. லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிச்சு. (அதே நேரத்துல நம்ம ஊர்ப் பருத்திக்கு விலை எகிறுச்சு. திருநெல்வேலிப் பருத்தி கப்பல் ஏறினது அந்தக் காலம். எங்க ஊர் கரிசல் பூமிக்கும் அந்த மான்செஸ்டர் குழந்தைகளுக்கும் ஒரு நூல் ஓடுது பாருங்க.) ஆலை மூடினதும் அங்கே பட்டினி, வேலையில்லாத் திண்டாட்டம், கஞ்சித்தொட்டி. அப்படின்னா குழந்தைகள் இன்னும் அதிகமா செத்திருக்கணும்தானே? குறைஞ்சது! வேலை இல்லாத அம்மாக்கள் வீட்டுல இருந்தாங்க, தாய்ப்பால் கொடுத்தாங்க. 1870-71-ல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டப்பவும் இதே கதை. ஊர்ல மொத்தச் சாவு ஏறுச்சு, மாட்டுப் பால் கிடைக்காததால கைக்குழந்தைச் சாவு இறங்குச்சு. ஜார்ஜ் நியூமன் 1906-ல் குழந்தை இறப்பு பத்தி எழுதின புத்தகத்துல இந்த ரெண்டையும் எடுத்துப் பேசுறார்.

இதை வச்சு ரெண்டு விதமா முடிவு கட்டலாம். "பார்த்தீங்களா, பொம்பளை வேலைக்குப் போறதுதான் தப்பு" என்பது ஒண்ணு. அந்தக் காலத்துப் பெரிய மனுஷங்க பலர் சொன்னது அதுதான். தாயோட அறியாமை, தாயோட அலட்சியம்னு பக்கம் பக்கமா எழுதினாங்க. இன்னொரு முடிவும் இருக்கு: குழந்தைக்குத் தேவைப்பட்டது அம்மாவோட நேரம், சுத்தமான பால், கழுவ முடிஞ்ச பாத்திரம். இதுல எதை ஆலை முதலாளி கொடுத்தான்? எதை அரசாங்கம் கொடுத்துச்சு? ரெண்டுமே இல்லாதப்போ ஒரு அம்மாவைக் குத்தம் சொல்றது எவ்வளவு வசதி!

அரசாங்கம் முழிக்க ரொம்ப நாளாச்சு. டாக்டர்கள் கத்திக்கிட்டே இருந்தாங்க, பாட்டில் வித்துக்கிட்டே இருந்துச்சு. பிரான்ஸ் 1910-ல் சட்டம் போட்டு டியூப் பாட்டிலைத் தடை பண்ணுச்சு. அதுக்கு முன்னாடியே சில பேர் சத்தமில்லாம வேலை செஞ்சாங்க. பாரிஸ்ல பியர் புடான் 1892-ல் கைக்குழந்தைகளுக்குன்னு வாராவாரம் எடை பார்த்து ஆலோசனை சொல்ற மருத்துவமனைப் பிரிவு தொடங்கினார். நியூயார்க்ல நாதன் ஸ்ட்ராஸ் 1893-லேர்ந்து ஏழைகளுக்குக் காய்ச்சிப் பதப்படுத்தின பாலைக் கொடுக்குற நிலையங்கள் திறந்தார். டிசைனும் மாறுச்சு. இங்கிலாந்தில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் கம்பெனி படகு வடிவத்துல ரெண்டு பக்கமும் திறந்த பாட்டில் கொண்டு வந்தாங்க. ஒரு முனையில நிப்பிள், இன்னொரு முனையில வால்வு. ரெண்டையும் கழட்டிட்டு குழாயடியில காட்டினா தண்ணி இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வரும். அவ்வளவுதான், பக் ஃபிக்ஸ்டு! அப்புறம் வெந்நீருக்கு உடையாத பைரெக்ஸ் கண்ணாடி வந்துச்சு, வாய் அகலமாச்சு, இன்னைக்கு நம்ம வீட்டு மேடையில நிக்குற வடிவம் வந்துச்சு.

நடுவுல ஒரு குட்டித் தகவல், செஸ் ஆடுற பதிவர்களுக்காக. கையால இழுக்குற பால் எடுக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 1854-லயே காப்புரிமை இருக்கு. ஆனா மின்சாரத்துல ஓடுற பம்ப் ஒண்ணை 1920-களில் வடிவமைச்சவர் எட்வர்ட் லாஸ்கர். ஆமாங்க, 1924 நியூயார்க் போட்டியில் ஆடின அதே செஸ் மாஸ்டர்! (அதுல ஜெயிச்ச முன்னாள் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் வேற ஆள்.) படிச்சது நம்மள மாதிரி இன்ஜினியரிங்தான். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைகளுக்காக அந்தக் கருவி. நாம என்ன கிழிச்சோம்னு நெனைச்சுக்கிட்டேன்.

*

பாட்டில் சுத்தமாச்சு, கதை முடிஞ்சதுன்னு நெனைக்கிறீங்களா? பாட்டிலுக்குள்ள என்ன இருக்குங்கிறது அடுத்த அத்தியாயம்.

1867-ல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரத்துல ஹென்றி நெஸ்லே, பால், கோதுமை மாவு, சர்க்கரை சேர்த்து ஒரு குழந்தை உணவு விக்க ஆரம்பிச்சார். அதே காலகட்டத்துல டின் பாலும் உலகம் பூரா பரவுச்சு. பணக்கார நாட்டுல சுத்தமான தண்ணி, ஃபிரிட்ஜ் எல்லாம் வந்தப்புறம் பெரிய ஆபத்து இல்லை. ஏழை நாட்டுல? டின் விலை அதிகம், அதனால தண்ணியை அதிகமாக் கலந்து நாளைக் கடத்துவாங்க. அந்தத் தண்ணி குட்டைத் தண்ணி. கொதிக்க வைக்க விறகு இல்லை. பாட்டில் கொடுக்கக் கொடுக்க தாய்ப்பால் வத்தும், திரும்பிப் போறது கஷ்டம்.

இதை முதல்ல உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்ல வேலை பார்த்தப்போ குவாஷியோர்கர் என்ற சத்துக்குறைபாட்டு நோயை மருத்துவ உலகத்துக்குச் சொன்னவர். அப்புறம் மலாயா, சிங்கப்பூர். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்ல பேசக் கூப்பிட்டாங்க. கம்பெனி ஆட்கள் இருக்குற ஊர், பெரிய மனுஷங்க கூட்டம். அந்தம்மா பேச்சுக்கு வச்ச தலைப்பு "பாலும் கொலையும்". டின் பாலை ஏழைத் தாய்மார்கள் தலையில கட்டுறதைக் கொலைக்குச் சமம்னு அங்கேயே போட்டு உடைச்சாங்க. அதுக்கப்புறம் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சப்போ சாங்கி சிறையில கிடந்து, அதையும் தாண்டி வந்து, 98 வயசு வரைக்கும் இருந்தாங்க.

அவங்க சொன்னது உலகத்துக்கு உறைக்க 35 வருஷம் ஆச்சு. 1974-ல் பிரிட்டனின் வார் ஆன் வாண்ட் அமைப்பு ஒரு அறிக்கை போட்டுச்சு. அதை சுவிட்சர்லாந்தில் ஒரு சின்னக் குழு நெஸ்லே பேரைத் தலைப்புல போட்டே ஜெர்மன்ல வெளியிட, கம்பெனி அவதூறு வழக்கு போட்டுச்சு. 1976-ல் கம்பெனி ஜெயிச்சது. குழுவுக்கு அடையாளமா ஒரு சின்ன அபராதம். ஆனா விளம்பர முறையை மாத்திக்கணும்னு நீதிபதி கம்பெனிக்கும் சேர்த்துச் சொன்னார். 1977-ல் அமெரிக்காவில் புறக்கணிப்புப் போராட்டம் ஆரம்பம். 1981-ல் உலக சுகாதார சபையில தாய்ப்பால் மாற்றுகளை எப்படி விக்கலாம், விக்கக் கூடாதுங்கிற விதிமுறை வாக்கெடுப்புக்கு வந்துச்சு. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒண்ணு அமெரிக்கா.

நம்ம நாடு 1992-ல் இதைச் சட்டமாவே போட்டுச்சு. 2003-ல் இன்னும் இறுக்குச்சு. சட்டத்தோட பேர்லயே பால் பவுடரும் பால் பாட்டிலும் இருக்கு. ரெண்டுக்கும் விளம்பரம் பண்ணக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வர்ற டிவியில பால் பாட்டில் விளம்பரம் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததே இல்லை. காரணம் தெரியாமலே வளர்ந்திருக்கேன்.

*

இப்போ திரும்ப நம்ம வீட்டுக்கு.

பாட்டிலைக் குழந்தை ஏன் துப்புது? மார்புல பால் குடிக்கிறது ஒரு தனி வித்தை. வாயை அகலமாத் திறந்து, உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாக்கி இழுக்கணும். முதல்ல கொஞ்ச நேரம் சப்பினாத்தான் பால் இறங்கும். வேகமும் ஏறும், இறங்கும். பாட்டில்ல வாயை வச்சதுமே கொட்டும். நாக்கு, தாடை எல்லாம் வேற மாதிரி வேலை செய்யணும். பிறந்த சில நாள்லயே பாட்டில் கொடுத்தா சில குழந்தைகள் சுலபமான பக்கம் சாய்ஞ்சிடும். அதனாலதான் தாய்ப்பால் நல்லா பழகுற வரைக்கும் தள்ளிப் போடச் சொல்றாங்க. நாங்க அஞ்சு மாசம் தள்ளிப் போட்டதால, இளவரசிக்கு அம்மா வேணும்னு திட்டவட்டமா ஒரு கொள்கையே உருவாகிடுச்சு.

ஒரு சனிக்கிழமை காலையில நெல்லை எக்ஸ்பிரஸ்ல எங்க ஆச்சி வந்து இறங்கினாங்க. வயசு 81. பையை வச்சுட்டு சமையல் மேடையைப் பார்த்தாங்க. அஞ்சு பாட்டில் அணிவகுப்பு.

"ஏல, என்ன இது, கடை போடப்போறியா?"

கதையைச் சொன்னேன். ஆச்சி தங்கமணி பக்கம் திரும்பினாங்க. ஏதோ சொல்லப் போறாங்கன்னு எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

"நீ எதுக்குத் தாயி அழுத? ஒங்க மாமனாரை நான் நாலு மாசத்துல விட்டுட்டு வயக்காட்டுக்குப் போனேன். நட்டுட்டு வர வரைக்கும் அவன் என்ன பட்டினியா கெடந்தான்? எங்க அத்தை சங்குல ஊத்துவா."

பைக்குள்ள கைவிட்டு, வேட்டித் துணியில சுத்தின ஒரு பித்தளைச் சங்கை எடுத்தாங்க. சில ஊர்ல பாலாடைன்னு சொல்வாங்க. உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு கிடக்கும். ஒரு பக்கம் குழி, இன்னொரு பக்கம் நீண்ட மூக்கு. மூடி கிடையாது, டியூப் கிடையாது, உள்ள ஒளிஞ்சுக்க ஒரு மூலை கிடையாது. முழுசாத் திறந்த பாத்திரம். கையில வாங்கினதும் எனக்குப் பொறி தட்டுச்சு. பவேரியா கல்லறையில கிடந்த சட்டியோட சொந்தக்காரன் இவன். அதைவிட முக்கியம், ஐரோப்பா நூறு வருஷம் குழந்தைகளைக் காவு கொடுத்துக் கண்டுபிடிச்ச பதில் இது: கழுவ முடிஞ்ச பாத்திரம்!

இது வெறும் பழம்பெருமை இல்லை. நம்ம நாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு எடுத்த தாய்ப்பாலைப் பாலாடையில கொடுக்குறது வழக்கம். அதை ஆராய்ச்சி பண்ணி மருத்துவ இதழ்களிலும் எழுதியிருக்காங்க. பாட்டிலுக்குப் பதிலா கிண்ணத்துல கொடுக்குறதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரை செஞ்சு வந்திருக்கு. சீர்காழி அம்மை அதுக்கும் முன்னாடியே பண்ணிட்டா!

ஆச்சி சொன்னதுல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தினேன். பழைய வழக்கப்படி காலை நீட்டி, குழந்தையைப் படுக்க வச்சு, வாயில ஊத்துறது ஆபத்து, பால் மூச்சுக்குழாய்க்குப் போயிடலாம். நிமிர்த்தி உக்கார வச்சு, சங்கோட நுனியை உதட்டுல வச்சு, அதுவா நக்கி விழுங்க விடணும். பசி உச்சத்துல இருக்குறப்போ ஆரம்பிக்கக் கூடாது. அம்மா கொஞ்ச நேரம் கண்ணுல படக் கூடாது. ஆச்சிக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "சரில, படிச்சவன் சொன்னா கேட்டுக்கிடுதேன்"னு சொல்லிட்டாங்க. சங்கு பழைய பித்தளை, பாலுக்கு வேண்டாம்னு அதே அளவுல எவர்சில்வர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தோம். தங்கமணி பக்கத்து ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டாங்க.

முதல் தடவை பாதி பால் சட்டையில. ரெண்டாவது தடவை பாப்பா நாக்கை நீட்டி ஒரு சொட்டு நக்கினா. ஆச்சியைப் பார்த்தா. இன்னொரு சொட்டு. 30 மில்லி உள்ளே போக இருபது நிமிஷம் ஆச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திறந்து பார்த்தா தங்கமணி கதவுல காதை வச்சு நின்னுக்கிட்டு இருக்காங்க.

அற்புதம் ஒண்ணும் நடந்துடலைங்க. பகல்ல கொஞ்சமாத்தான் குடிக்கிறா. ராத்திரி பூரா அம்மாவை எழுப்பி கணக்கை நேர் பண்ணிக்கிறா. தங்கமணி கண்ணைச் சுத்திக் கருவளையம். ஆபீஸ்ல பால் எடுக்க ஒரு இடம் கேட்டதுக்கு, பழைய பிரிண்டர் அடுக்கி வச்ச ஒரு ஸ்டோர் ரூமைக் காட்டியிருக்காங்க. குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை கொடுக்கணும்னு 1961 சட்டத்துலயே இருந்துச்சு. அதை எடுத்துக் காட்டினப்புறம் பிரிண்டர் மட்டும் வெளியே போச்சு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குற இடத்துல குழந்தைகள் காப்பகம் வேணும்னு 2017 திருத்தம் சொல்லுச்சு. அதுக்கு இன்னும் மெயில் ஓடிக்கிட்டு இருக்கு.

ஆனா டிராஃப்ட்ல இருந்த அந்த மெயில் இப்போ இல்லை. நான் அழிக்கலை. அவங்களே அழிச்சாங்க. போன திங்கக்கிழமை காலையில வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "ஆச்சி, பாப்பாவைப் பார்த்துக்கங்க"ன்னு சொன்னப்போ குரல் கொஞ்சம் உடைஞ்சுச்சு. ஆச்சி, "நீ போயிட்டு வா தாயி, நாங்க 3000 வருஷமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்"னு சொல்லலை. அது நான் சேர்த்தது :-) அவங்க சொன்னது, "டப்பால சோத்தை மீதி வைக்காமத் தின்னு, பால் வேணும்லா" அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு மாமிக்கு இந்தப் பதிவை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாமான்னு ஒரு யோசனை. தங்கமணி வேண்டாம்னு முறைக்கிறாங்க.

உங்க வீட்டுல சங்கா, பாலாடையா, வேற பேரா? எந்த ஊர்ல என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பாட்டிலை எதிர்த்துப் போராடின மத்த போராளிகளோட அப்பா அம்மாவும் ஆஜராகுங்க. கும்மி அடிக்கிறவங்க மெதுவா அடிங்க, பாப்பா இப்பத்தான் தூங்கியிருக்கா.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. எடுத்து வச்ச தாய்ப்பால் வெளியில 4 மணி நேரம் தாங்கும்னு படிக்கிற கணக்கெல்லாம் 25 டிகிரி அறைக்குச் சொன்னது. சென்னையில 25 டிகிரி எப்போ வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். எடுத்ததும் ஃபிரிட்ஜ்ல வச்சிடுங்க. மத்த எந்தச் சந்தேகமா இருந்தாலும் உங்க குழந்தை டாக்டரைக் கேட்டுக்கங்க.